ஆபீசர் வருகிறார் என்று பெருக்கி வைத்த வாசகசாலை

நூலகம் அறிவுக் கோயில் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோயில் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை, கன்னத்தில் போட்டுக்கொண்டு கடந்து போய்விடலாம். சென்ற மாதம் ஒரு கூட்டத்தில் ஒரு பெரிய மனிதர் அப்படித்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது, வாசகர்கள் வருவதில்லை, நிதியும் இல்லை, அதனால் சில கிளைகளை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். நான் எழுந்து, "வாசகர் வருகிறார்களா என்று பார்க்கப் போனீர்களே, வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனீர்களா?" என்று கேட்டேன். அவர் என்னைக் கிறுக்கச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அங்கே நின்று விளக்க எனக்குப் பொறுமை இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் கோலார் தங்க வயலில், பாலகாட் சுரங்கத்துப் பக்கம் ஒரு லைனில் வளர்ந்தவள். சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று போட்ட வரிசை வீடுகளுக்கு லைன் என்று பெயர். மூங்கில் தட்டிச் சுவர், மேலே தகரம். ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டில் தூக்கம் கெடும். காற்றடிக்கும் மாதங்களில் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி பறந்து வந்து சோற்றில் விழும். என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு அண்டர்கிரவுண்டில் வேலை. அம்மா இறந்த வருஷம் என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். தம்பிகளுக்குச் சோறாக்க ஆள் வேண்டுமே.

நான் அழுது, சண்டை போட்டு, இரண்டு நாள் அடுப்பே பற்றவைக்காமல் கிடந்து, கடைசியில் நைனாவிடம் ஒரு வாக்கு வாங்கினேன். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையைத் தனியாகப் படித்து எழுதலாம். ஆனால் ஒரே ஒரு தடவை. "பாஸ் ஆனா பாப்போம். எழுதாம வுட்டன்னாலும் சரி, ஃபெயிலானாலும் சரி, அடுத்த தையில உனக்குக் கல்யாணம்" என்றார். மாப்பிள்ளைகூடத் தயாராக இருந்தான். பக்கத்து மைசூர் மைன்ஸ் சுரங்கத்தில் வேலை, என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவன், பல்லிடுக்கில் எப்போதும் பாக்கு. அவனைப் பற்றி இன்றைக்கும் எனக்கு ஒரு நல்ல வார்த்தை வராது.

பாடப்புத்தகம் வாங்க வழியில்லை. வீட்டில் கரண்ட் இல்லை. சிம்னி விளக்கில் படித்தால் மண்ணெண்ணெய் போகிறது என்று நைனா ஊதி அணைத்துவிடுவார். ஆகவே எனக்கு இருந்தது அந்த வாசகசாலை ஒன்றுதான்.

அது லைனின் கோடியில், தண்ணீர்க் குழாய்க்கு எதிரில் இருந்தது. ஒற்றை அறை, ஒரு பல்பு, இரண்டு பெஞ்சு, ஒரு மேசை, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பீரோ. அரசாங்க மானியத்தில் நடந்த பொது வாசகசாலை. பீரோவின் அடித்தட்டில், எப்போதோ படித்துவிட்டு பெங்களூர் போன ஒருவர் கொடுத்த பாடப்புத்தகங்கள் கிடந்தன. விஞ்ஞானம், சரித்திரம், கணக்கு. கணக்குப் புத்தகத்துக்கு அட்டை இல்லை. எனக்கு அந்தப் பீரோவைத் திறக்கும்போது வரும் கரப்பான் நாற்றம்கூடப் பிடித்திருந்தது.

வாசகசாலையைப் பார்த்துக்கொண்டவர் முன்பு அண்டர்கிரவுண்டில் இருந்தவர். கேஜில், அதாவது ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டில், கால் மாட்டி நசுங்கியபின் மேலே இந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். பேப்பர் படிக்க ஓர் ஆள் அவருக்குத் தேவைப்பட்டது. எனக்கு வெளிச்சம் தேவைப்பட்டது. சாயங்காலம் நான் பேப்பரை உரக்கப் படிக்க வேண்டியது, அதற்குப் பிறகு கதவடைக்கும் வரை பல்புக்குக் கீழே உட்கார்ந்து என் பாடத்தைப் படித்துக்கொள்ளலாம் என்று எங்களுக்குள் ஏற்பாடு.

இங்கே எங்கள் லைனின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் யாரும் வாசகசாலைக்குள் வர மாட்டார்கள். "காலைக் கழுவிவிட்டு உள்ளே வரவும்" என்று வாசலில் ஒரு பலகை தொங்கியது. குழாயில் குடிக்கவே தண்ணீர் வராது, காலுக்கு எங்கே போவது? பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. தெரிந்தவர்களுக்கும், ஷிப்ட் முடிந்து வந்த உடம்போடு பெஞ்சில் உட்காரக் கூச்சம். அதனால் எல்லோரும் வெளியே ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொள்வார்கள். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்தவர்கள், நைட் ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள், இருமலோடு ரிட்டையரானவர்கள் எல்லாம். நான் உள்ளே ஜன்னலோரம் நின்று படிப்பேன். எதிரே குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் கேட்பார்கள். வாரப் பத்திரிகை வரும் நாளில் தொடர்கதை முடியும்வரை யாரும் குடத்தை எடுக்க மாட்டார்கள், வரிசை அப்படியே நிற்கும்.

உள்ளே நான் ஒருத்தி, வெளியே ஐம்பது அறுபது பேர். எங்கள் வாசகசாலை அப்படித்தான் நடந்தது.

கேட்டவர்களெல்லாம் சாதுவாகக் கேட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். முறைக்கு எனக்குப் பெரியப்பா ஒருவர் இருந்தார். நெஞ்சில் கல்தூசி படிந்து, வேலைக்கு லாயக்கில்லை என்று அனுப்பப்பட்டவர். ஜன்னலுக்கு நேர் கீழே அவருக்கு இடம். மந்திரி பேச்சைப் படித்தால் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவார். "அத்த வுடு. அரிசி இன்னா வெலைன்னு போட்டுக்கீறான், அதப் படி" என்பார். படித்தால் அதற்கும் திட்டுவார். எனக்கு அவரைக் கொஞ்சமும் பிடிக்காது. ஆனால் ஒரு வரியை நான் தாவினால் கண்டுபிடித்துவிடுவார், அதற்கும் திட்டு விழும்.

ஒரு தடவை சுரங்கத்தின் ஆழத்தில், கீழ் லெவலில் பாறை வெடித்தது. எங்கள் வீட்டுப் பாத்திரமெல்லாம் கடகடவென்று ஆடியது. கூண்டு இறங்கும் ஷாஃப்ட் வாசலுக்கு ஊரே ஓடியது. எங்கள் லைனிலேயே இரண்டு வீட்டுக்கு ஆள் திரும்பவில்லை. மறுநாள் பேப்பரில் அது நாலு வரியாக வந்திருந்தது, சினிமா விளம்பரத்துக்குப் பக்கத்தில். நான் படித்து முடித்தேன். பெரியப்பாதான், "மறுபடி படி" என்றார். படித்தேன். "இவ்ளோதானா?" என்று யாரோ கேட்டார்கள். இவ்வளவுதான் என்றேன். இந்த நாட்டில் நமக்கு எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது அன்றைக்கு அந்த ஜன்னலடியில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. அதற்கப்புறம் எது முக்கியமோ அதை இரண்டு தடவை படிக்கச் சொல்வது பழக்கமாகிவிட்டது.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில், மானியத்தைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. எல்லாவற்றிலும் சிக்கனம் என்றார்கள். சிக்கனம் என்ற சொல்லை நான் அப்போதுதான் முதன்முதலாக வெறுத்தேன். ஆபீசர்களின் க்ளப்பில் சாயங்காலம் டென்னிஸ் பந்து பொறுக்கப் போட்டிருந்த ஆட்களைக் குறைக்கவில்லை. குறைப்பதற்குக் கிடைத்தது எங்கள் ஒற்றைப் பல்பு. எந்தெந்த வாசகசாலைக்கு ஆள் வருகிறது, எதற்கு வரவில்லை என்று நேரில் பார்த்து எழுத ஒரு ஆபீசர் வருவார், வராத இடத்தை மூடிவிடுவார்கள் என்று வாசகசாலைக்காரர் வந்து சொன்னார். வரும் நாளையும் சொன்னார். சாயங்காலம், பேப்பர் படிக்கும் நேரத்துக்கு.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அந்த நேரத்துக்கு வருகிறவன் குருடனாக இருந்தாலும் எங்கள் கூட்டத்தைக் காது கேட்டே தெரிந்துகொள்வான்.

ஆனால் எங்கள் லைனுக்கு ஒரு தலைவர் இருந்தார். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. வெள்ளைக்காரத் துரை பங்களாவில் பல வருஷம் பட்லராக இருந்தவர். சுரங்கம் அரசாங்கத்துக்கு வந்து, துரைகள் கப்பலேறியும் அவருடைய இடுப்பு நிமிரவில்லை. அந்தக் காலத்தில் துரை லைனைப் பார்வையிட வருகிறார் என்றால் ஒரு முறை இருந்தது. சாக்கடையோரம் சுண்ணாம்புத் தூள் போடுவார்கள். ஆட்டைக் கட்டிவிடுவார்கள். பிள்ளைகளை உள்ளே போட்டுக் கதவைச் சாத்துவார்கள். துரை கண்ணில் ஒரு மனிதரும் படக்கூடாது. அப்படிச் சத்தமில்லாமல், ஆளில்லாமல், வெள்ளையாக இருக்கும் லைனுக்கு நல்ல பேர். எங்கள் ஆட்கள் அதை மூச்சு விடுவதுபோலக் கற்றிருந்தார்கள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆபீசர் வருவதற்கு முதல் நாள் தலைவர் குழாயடிக்கு வந்து எல்லோரையும் கூட்டினார்.

"நாளைக்கு யாரும் ஜன்னலாண்ட வந்து குந்தக் கூடாது. பீடித் துண்டு ஒண்ணு கெடக்கக் கூடாது. பொம்பளைங்க மத்தியானத்துக்குள்ள தண்ணி புடிச்சிக்கோங்க. ஆபீசர் வர்றப்ப கொழாயடில கொடம் உருளக் கூடாது" என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது, பிறகு பயம் வந்தது. "ஆள் வருதான்னு பாக்கத்தானே வர்றாரு? யாரும் இல்லன்னா இன்னா எழுதுவாரு?" என்று கேட்டேன்.

"எடம் ஒழுங்கா கீதான்னு பாப்பாரு. கூட்டம் போட்டுக்கினு கெடந்தா யூனியன் பேச்சுன்னு எழுதிட்டுப் போய்டுவாரு. போன வருஷம் ஸ்ட்ரைக்ல பட்டது போதாதா? எனக்கு இந்த ஆபீசருங்கள எல்லாம் தெரியும் பாப்பா. நீ பொறக்கறதுக்கு முன்னால இருந்து பாக்கறேன்."

"அப்ப நான் மட்டுமாவது உள்ள நின்னு படிக்கறேன்."

"வயசுப் பொண்ணு அங்க நின்னா இன்னா நெனப்பாரு? உங்க நைனா மானத்த வாங்கணுமா?"

நைனா அங்கேயே நின்றிருந்தார். அவரும் தலையாட்டினார். பூமிக்கடியில் கல்லோடு மல்லுக்கு நிற்கிற மனிதர், மேலே வந்தால் வெள்ளைச் சட்டை போட்ட யாருக்கும் வழிவிட்டு ஒதுங்குவார். பெரியப்பாவாவது திட்டுவார் என்று அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு இருமினார். அத்தனை பேர் மேலும் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுசாக ஆறவில்லை. அவர்கள் மோசமானவர்கள் இல்லை என்பது எனக்குத் தெரியும். அது தெரிந்திருப்பதால் ஆத்திரம் கூடத்தான் செய்கிறது.

மறுநாள் காலையிலிருந்து வேலை நடந்தது. ஏதோ கல்யாண வீடுபோல ஆளாளுக்கு ஓடினார்கள். வாசகசாலைக்கு வெள்ளையடித்தார்கள். ஜன்னலுக்குக் கீழே, வருஷக்கணக்காக உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாகி வழவழத்திருந்த தரையில் செம்மண் கொட்டிச் சமப்படுத்தினார்கள். சுவரில் தலை சாய்த்துச் சாய்த்து விழுந்திருந்த எண்ணெய்க் கறையின் மேல் இரண்டு பூச்சு. தலைவர் பீரோவைத் திறந்து புத்தகங்களை உயரவாரியாக அடுக்கச் சொன்னார். அழுக்கு அட்டைகள் தெரியக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் காக்கிக் காகிதத்தில் உறை. அட்டையில்லாத என் கணக்குப் புத்தகமும் புது உறை போட்டுக்கொண்டது. எந்தப் புத்தகம் எதுவென்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். புரட்டிப் புரட்டிக் கிழிந்திருந்த வாரப் பத்திரிகைகளை அள்ளிக்கொண்டு போய்க் கொளுத்தினார்கள். வாசகசாலைக்காரர் காலை இழுத்து இழுத்து மூன்று தடவை பெருக்கினார்.

எங்கள் கூட்டம் அங்கே இருந்ததற்கு அடையாளமே இல்லாமல் செய்துவிட்டார்கள். ஒரு எதிரி வந்திருந்தால்கூட இவ்வளவு நன்றாகச் செய்திருக்க மாட்டான்.

சாயங்காலம் ஜீப் வந்தது. எங்கள் வீட்டுக்கும் வாசகசாலைக்கும் நடுவில் அந்தக் குழாயடிதான். நான் வெளியே வரக்கூடாது என்று நைனா வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நான் தட்டி இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஆபீசர் நடுவயசுக்காரர். மதராஸ் பக்கத்துத் தமிழர். முகத்தில் ஒரு கெடுதலும் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார். கால் கழுவத் தண்ணீர் இல்லாவிட்டாலும் அந்தப் பலகையை மதித்த முதல் ஆள் அவர்தான்.

லைனில் ஒரு குஞ்சு குளுவான் சத்தம்கூட இல்லை. அதனால் அவர்கள் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது.

"ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்களே" என்றார் ஆபீசர்.

"எப்பவும் இப்படித்தான் சார்" என்றார் தலைவர்.

பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. "புத்தகமெல்லாம் புதுசா இருக்கு. யாரும் எடுக்கறதில்லையா?"

"கை படாம பாத்துக்கறோம் சார்."

"சாயங்காலம் எவ்வளவு பேர் வருவாங்க?"

"வேணும்கறவங்க வருவாங்க சார். ஆனா ஒரு தொந்தரவும் கெடையாது. சத்தமே இருக்காது. நீங்களே பாக்கறீங்களே."

வீட்டுக்குள்ளிருந்து நான், "அய்யோ, அய்யோ" என்று வாய்விட்டே சொன்னேன். நைனா திரும்பி, "வாய மூடு" என்றார். ஆபீசர் வெளியே வந்து, சமப்படுத்திய செம்மண்ணில் தன் காலடி பதிந்ததைப் பார்த்து, கொஞ்சம் சங்கடப்பட்டவர்போல ஓரமாக நடந்து ஜீப்பில் ஏறினார். போகும்போது தலைவரின் கையைக் குலுக்கினார். அந்தக் கையைத் தலைவர் அன்று முழுக்க எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். "குட் சர்டிபிகேட்டு குடுப்பாரு, பாரு" என்றார்.

சர்டிபிகேட் அந்த மாதக் கடைசியில் வந்தது. டைப் அடித்த தாள், வாசகசாலைக் கதவில் ஒட்டியிருந்தது. தமிழில்தான் இருந்தது. யாருக்கும் முதலில் விளங்கவில்லை. சாயங்காலம் எல்லோரும் சேர்ந்தபின், எதையும் படிப்பதுபோல அதையும் நான்தான் படித்தேன். வாசகசாலை மூடப்படுகிறது, புத்தகங்கள் ராபர்ட்சன்பேட்டையில் இருக்கும் பெரிய நூலகத்துக்குப் போகும் என்று இருந்தது. மூடுவதற்கான காரணமும் இருந்தது. தலைவர் என்னை முறைத்தார். "சரியா படி" என்றார். நான் சரியாகத்தான் படித்தேன்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் எப்போதும் நடப்பதுதான். எல்லோரும் தலைவர்மேல் பாய்ந்தார்கள். அவர், நான் இன்னா பண்ணேன், நீங்கதானே தலையாட்டினீங்க என்றார். அது உண்மைதான். குழாயடிப் பெண்கள் போட்ட சத்தம் இன்னும் பெரிது. தொடர்கதையில் கதாநாயகி கைக்குழந்தையோடு ரயில் ஏறிய இடத்தில் நின்றிருந்தது. அவள் எங்கே இறங்கினாள் என்பது இனிமேல் யாருக்குத் தெரியும் என்று ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டாள். அரிசிக்கே வழியில்லாதபோது புத்தகத்துக்கு அழுகிறார்களே என்று ஆபீஸ் பக்கத்தில் யாரோ சொன்னார்களாம். அரிசிக்கு ஏன் வழியில்லை என்று எங்களுக்குச் சொன்னது எது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பேப்பர்தான் சொன்னது.

நான் அழவில்லை. பரீட்சைக்கு நாலு மாதம் இருந்தது. விஞ்ஞானத்தில் பாதி, சரித்திரத்தில் முக்கால் படித்திருந்தேன். கணக்கு இனிமேல்தான்.

புத்தகங்களை எடுத்துப்போக லாரி வருகிறது என்று தெரிந்த அன்று, யாரும் யாருக்கும் சொல்லாமலே எல்லோரும் வாசகசாலைக்கு வந்தார்கள். ஃபர்ஸ்ட் ஷிப்ட் விட்ட சங்கு ஊதியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே வந்தார்கள். உடம்பெல்லாம் தூசி, பூட்ஸில் சேறு. முதன்முதலாக உள்ளே வந்தார்கள். பலகையை யாரும் பார்க்கவில்லை. பெஞ்சில், மேசையில், தரையில், ஜன்னல் விளிம்பில் எல்லாம் ஆள். பெண்கள் குடத்தோடு வாசலில் நின்றார்கள். பெரியப்பா பல்புக்குக் கீழே என் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு மாதம் முன்னால் அடித்த வெள்ளை அன்று ஒரு நாளில் கறுத்துப்போனது. தலைவரும் வந்திருந்தார். அவர் மட்டும் காலைக் கழுவிக்கொண்டு வந்தார்.

லாரியோடு அதே ஆபீசர் ஜீப்பில் வந்தார். வாசலில் அப்படியே நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"இவ்வளவு பேர் இருக்கீங்களா?" என்றார். "அன்னிக்கு நான் வந்தப்ப எல்லாரும் எங்க போயிருந்தீங்க?"

பெரியப்பா இருமி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க வர்றீங்கன்னுதான் சார் போனோம்" என்றார்.

ஆபீசருக்கு அது விளங்கியது. முகம் மாறியதை நான் பார்த்தேன். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று நம்பினேன். அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? இப்ப ஆர்டர் ஆயிடுச்சே" என்றார். ஆர்டர் என்பது மழைபோல வானத்திலிருந்து விழுந்த மாதிரியும், அவர் குடை கொண்டுவர மறந்த மாதிரியும் அதைச் சொன்னார். பிறகு லாரி ஆட்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? பீரோ வாசலைத் தாண்ட வழிவிட்டு ஒதுங்கினார்கள். இரண்டு பேர் ஒரு பக்கம் கைகூடக் கொடுத்தார்கள். கனமான பொருளை யாராவது தூக்கினால் அவர்களால் சும்மா நிற்க முடியாது.

நான் ஆபீசர் முன்னால் போய் நின்றேன். இந்த முறை நைனா தடுக்கவில்லை. "சார், அடித்தட்டுல மூணு பாடப்புத்தகம் இருக்கு. அத மட்டும் வுட்டுட்டுப் போங்க. பரீட்சை முடிஞ்சதும் நானே கொண்டாந்து குடுத்துடறேன்" என்றேன்.

"லிஸ்ட் போட்டாச்சேம்மா" என்றார். "ராபர்ட்சன்பேட்டைக்கு வந்து படி. எல்லாருக்கும் பொதுதானே."

அவர் குரல் உண்மையிலேயே அன்பாக இருந்தது. ஒரு வயசுப் பெண் தினமும் சாயங்காலம் அவ்வளவு தூரம் தனியாகப் போய், இருட்டில் திரும்பி வர எந்த நைனா விடுவார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நான் நைனாவைப் பார்த்தேன். நைனா தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரி கிளம்பியது. காக்கி உறை போட்ட அத்தனை புத்தகத்தில் எது என் கணக்கு என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

அந்த வருஷம் நான் பரீட்சை எழுதவில்லை. சொன்னபடி அடுத்த தையில் கல்யாணம் நடந்தது. பரீட்சையைப் பிறகு எழுதினேன், இரண்டு குழந்தைகளை உறங்க வைத்துவிட்டு, ராபர்ட்சன்பேட்டையில் குடியிருந்தபோது. பெரிய நூலகத்தில் அந்தப் புத்தகங்களைத் தேடினேன். வந்ததாகவே யாருக்கும் ஞாபகம் இல்லை. பாஸானேன், வேலைக்குப் போனேன், இதோ எழுதவும் செய்கிறேன். அதனால் எல்லாம் நல்லதற்குத்தான் என்று யாராவது ஆரம்பித்தால் அவர்களோடு நான் பேசுவதை நிறுத்திவிடுவேன். என்னிடமிருந்து பிடுங்கிய பத்து வருஷத்துக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை.

லாரி போன மறுநாள் சாயங்காலம் நான் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். வாசகசாலைக்குப் பூட்டுப் போட்டிருந்தது. ஜன்னலை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். ஆனால் ஜன்னலுக்குக் கீழே எல்லோரும் எப்போதும்போல உட்கார்ந்திருந்தார்கள். பழக்கம். வேறு எங்கே போவது என்று தெரியாமல் கால்கள் அங்கேயே கொண்டுவந்து விட்டிருந்தன. கொட்டிய செம்மண் அதற்குள் பழையபடி அமுங்கத் தொடங்கியிருந்தது. பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நின்றார்கள்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். "இன்னா பாத்துக்கினு நிக்கற? எதனா படி" என்றார்.

"இன்னாத்தப் படிக்கறது? ஒண்ணும் இல்லியே."

"அதோ ஒட்டிக்கீறானே" என்று கதவைக் காட்டினார்.

எனக்கு அவர்கள் எல்லோர்மேலும் கோபம். குடத்தை வைத்துவிட்டுக் கதவருகே போனேன். அந்தத் தாளின் ஒரு மூலை பிய்ந்து காற்றில் ஆடியது. அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கடைசியில் நிற்கிறவருக்கும் கேட்கும்படி படித்தேன்.

"மேற்படி வாசகசாலையைப் பொதுமக்கள் எவரும் பயன்படுத்தவில்லை என்பது நேரடிப் பார்வையில் தெரியவந்ததால்..."

முழுவதும் படித்து முடித்தேன். ஜன்னலடியிலிருந்து குழாயடி வரை அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மறுபடி படி" என்றார் பெரியப்பா.